ஒரு மில்லி மெலிவு

லோரோங் கூலிட் சந்தையில்,
ஞாயிறு, வெயில் ஏறுவதற்கு முன்னால்,
ஒற்றைச் செருப்புகளுக்கும் ரைஸ் குக்கர் மூடிகளுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது மரமறுக்கும் இயந்திரம்.
பாக் சாட் நூற்றைம்பது என்றார்.
ஓடுமா என்றேன்.
ஓடினால் நான் ஏன் விற்கிறேன் என்றார்.
எண்பது வெள்ளிக்கு முடிந்தது.
அந்த நேர்மைக்கு இன்னும் ஐந்து கொடுத்திருக்கலாம்.

பதினொரு கிலோ.
ஃபார்லிம் அடுக்குமாடியில் எங்களுடையது பதினான்காவது.
போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்து,
லிஃப்டில் நின்றேன்.
பதினாறாம் மாடிச் சீன மாது
'பேபி?' என்று போர்வையை விலக்கிப் பார்த்தாள்.
ஆறிலேயே இறங்கிக்கொண்டாள்.

துணி எங்கே காயப்போடுவது என்றான் பரஞ்சோதி.
பால்கனியின் இடப்பக்கம் உனக்கு,
வலப்பக்கம் மண்ணெண்ணெய்க்கு என்றேன்.
மூடியைக் கழற்றினால்
உள்ளே கெட்டிப்பட்ட மரத்தூள்.
ரப்பர் இல்லை, ரப்பர் புளித்து நாறும்.
இது எந்த மரமோ,
ஆணியால் சுரண்ட
மிளகு வாசம் வந்தது.

பகலில் நான் பாயான் லெப்பாஸில்,
நுண்ணோக்கியின் கீழே ஈயப் பொட்டுகளை எண்ணுகிறவள்.
நல்லது. நல்லது. கெட்டது. நல்லது.
கெட்டதைத் தொட்டுத் திருத்த அனுமதியில்லை,
சிவப்புத் தட்டில் போட வேண்டும்.
ஒன்பது வருடம் போட்டாயிற்று.

கார்புரேட்டர் சவ்வு வறண்ட வெற்றிலையாய் முறிந்தது.
சாலையோரம் புல் வெட்டும் ரஃபிகுல்
தன் இயந்திரத்தின் சவ்வைக் காட்டினான்.
துளைகள் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.
கண்டென்சர், பழைய வெஸ்பாவினுடையது.
கயிறு,
பரஞ்சோதி தன் கொடியை இன்னும் தேடுகிறான்.

அப்புறமும் அது
சூடேறினால் தானாகக் கத்தியது,
கத்திக் கத்தி அணைந்தது.
சோப்புத் தண்ணீர் தடவி ஊதினேன்.
தண்டின் ஓரம் குமிழி.
திருட்டுக் காற்று அங்கேதான் நுழைகிறது.

பதினேழு, இருபத்தெட்டு, ஏழு.
உள்வட்டம், வெளிவட்டம், கனம்.
அசல் சீல் வெளிநாட்டிலிருந்து,
நூற்றிருபது வெள்ளி, ஆறு வாரம்.
ஆயர் ஈத்தாமில் ஆ செங்கின் கப்சாய் கடைக்குப் போனேன்.
எந்த வண்டிக்கு என்றான்.
வண்டிக்கு இல்லை என்றேன்.
அவன் மேற்கொண்டு கேட்கவில்லை,
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தான்.
நூறு கறுப்பு வளையங்கள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பொடி எழுத்தில் எண்கள்,
என் கண்ணுக்கென்றே அச்சிட்டதுபோல.
பதினேழு, இருபத்தெட்டு.
ஆனால் ஆறு.
ஒரு மில்லி மெலிவு.
'மெலிசு பரவாயில்லை, குழி மன்னிக்கும்.
தடிமன்தான் மன்னிக்காது' என்றான்.
நான்கு வெள்ளி.
இருந்ததும் ஒன்றுதான்.

மாலை, கார் நிறுத்தத்தின் மொட்டை மாடி.
காவலுக்கு இருந்த நர் பகதூர்
தொப்பியைக் கழற்றிவிட்டு
தானும் இரண்டு முறை இழுத்தான்.
பதின்மூன்றாவது இழுப்பில்
பிடித்தது.
கீழே மூன்று கார்கள் அலறின,
நாய் ஒன்று எங்களைப் பார்த்து ஒரேயொரு முறை குரைத்து
யோசித்து விலகியது.
ஊசித் திருகை முடியளவு திருப்பினேன்.
முனகல் சீரானது.
அறுக்க எதுவும் இல்லை.
நர் பகதூரின் பிளாஸ்டிக் நாற்காலியை நான் பார்த்தேன்,
அவன் அதன் முன்னால் வந்து நின்றுகொண்டான்.

ஏழு நிமிடம்.
எட்டாவதில், மெல்ல,
மறுபடியும் அந்தக் கத்தல்.
புதுச் சீலைச் சுற்றி விரலோட்டினேன். காய்ந்திருந்தது.
தண்டுக்கு இரண்டு முனை.
மறுமுனைச் சீல், அசல், அந்தக் காலத்தது,
இதுவரை நான் அளக்கவேயில்லை.

லிஃப்டில் இறங்குகிறேன், இப்போது போர்வை இல்லை,
புகைக்குழாய் இன்னும் சுடுகிறது.
கதவு திறக்க, அதே மாது.
ஏறலாமா என்று ஒரு நொடி.
ஏறினாள்.
'பேபி ரொம்ப அழுகிறது' என்றாள் மலாயில்,
மூக்கைப் பொத்திக்கொண்டே.
இன்னும் ஒரு பக்கம் பாக்கி என்றேன்.
என் இரண்டு கையும் நிறைந்திருப்பதைப் பார்த்தாள்.
பதினான்கை அவளே அழுத்தினாள்.